ரோபோவுக்கு ரத்தம் வராது

ஒரு சிப்பாய் சுடப்படுகிறான். சுருண்டு விழுகிறான். உடம்பிலிருந்து கறுப்பாக என்னமோ வழிகிறது. ரத்தமா? ஊஹூம், ஆயில்! அவன் மனுஷன் இல்லை சார், மெஷின். அமெரிக்காவில் விற்ற பெட்டிக்குள் இதே சிப்பாய் மனுஷனாகத்தான் இருந்தான். ஜெர்மனி எல்லையைத் தாண்டும்போது மட்டும் மெஷினாகிவிட்டான்.

1995-ல் வந்த 'கமாண்ட் அண்ட் கான்கர்' என்கிற கம்ப்யூட்டர் விளையாட்டின் கதை இது. இது ஒன்றுதான் என்று நினைக்காதீர்கள். 'கான்ட்ரா' என்று உலகமெல்லாம் சக்கைப்போடு போட்ட விளையாட்டு, 1990-ல் ஐரோப்பிய நிண்டெண்டோவுக்கு வந்தபோது 'புரோபோடெக்டர்' என்று பெயர் மாறியது. கட்டுமஸ்தான இரண்டு வீரர்கள் இருந்த இடத்தில் இரண்டு ரோபோக்கள். ஜெர்மன் சட்டத்துக்குப் பயந்துதான் இந்த மாற்றம் என்பது பொதுவான பேச்சு. 1998-ல் வந்த 'ஹாஃப் லைஃப்' விளையாட்டில் இன்னும் வேடிக்கை. ஜெர்மன் பதிப்பில் விஞ்ஞானியைச் சுட்டால் அவர் சாகமாட்டார். தரையில் உட்கார்ந்துகொண்டு, 'இப்படிப் பண்ணிட்டியேப்பா' என்கிற மாதிரி தலையை ஆட்டுவார்!

ஜெர்மனியின் பழைய வீடியோ கேம் விளம்பரங்களையும் அட்டைப் படங்களையும் இன்றைக்குப் பார்க்கிறவர்கள் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். 'இந்த ஜெர்மன்காரனுக்கு நகைச்சுவையும் தெரியாது, விளம்பரமும் தெரியாது' என்று ஒரு தீர்ப்பு வேறு. நானும் சிரித்தேன், மறுக்கவில்லை. ஆனால், சிரித்து முடித்தபிறகு கொஞ்சம் கோபம் வந்தது. அந்த விநோதத்துக்குக் காரணம் ஜெர்மன்காரனின் ரசனை இல்லை. சட்டம். குழந்தைகளைக் காப்பாற்றுகிறேன் என்று ஒரு அரசாங்கம் ராத்திரி பகலாக முன்வாசலில் காவல் இருந்தது. கொல்லைப்புறக் கதவு மட்டும் 'ஆ'வென்று திறந்து கிடந்தது. அதன் வழியாக யார் யார் உள்ளே வந்தார்கள் என்பதுதான் இந்த வாரச் சமாசாரம்.

*

முதலில் முன்வாசல்.

மேற்கு ஜெர்மனியில் 1953-ல் ஒரு சட்டம் போட்டார்கள். இளைஞர்களைக் கெடுக்கிற எழுத்துகளிலிருந்து அவர்களைக் காப்பாற்ற. அடுத்த வருடமே அதற்கென்று ஒரு மத்திய அரசு அலுவலகம். மஞ்சள் புத்தகம், காமிக்ஸ் என்று ஆரம்பித்து, பிறகு இசைத்தட்டு, வீடியோ கேசட் என்று அந்த அலுவலகத்தின் பட்டியல் வளர்ந்தது. 1984 டிசம்பரில் முதன்முதலாக வீடியோ விளையாட்டுகள் அந்தப் பட்டியலில் ஏறின. அதில் ஒன்று 'ரிவர் ரெய்ட்'.

ரிவர் ரெய்ட் எப்படிப்பட்ட பயங்கரம் தெரியுமா? ஒரு நதி. அதன் மேல் ஒரு குட்டி விமானம். எதிரில் கப்பல் வரும், ஹெலிகாப்டர் வரும், பாலம் வரும். சுட்டுக்கொண்டே போகவேண்டும். நடுவில் பெட்ரோல் தீர்ந்துபோனால் ஆட்டம் காலி. 1982-ல் ஆக்டிவிஷன் கம்பெனிக்காக இதை உருவாக்கியவர் கரோல் ஷா என்ற பெண்மணி. வீடியோ கேம் துறையின் முதல் பெண் வடிவமைப்பாளர்களில் ஒருவர். எல்லாமே கட்டம் கட்டமான பொம்மைகள். மனித உருவம் என்று ஒன்றுகூடக் கிடையாது. கப்பல் என்று நாமாக நினைத்துக்கொண்டால்தான் அது கப்பல்.

இதைப் பார்த்துவிட்டு அந்த அலுவலகம் சொன்ன காரணங்களைக் கேளுங்கள். பிள்ளைப் பருவத்திலேயே இது ராணுவப் பயிற்சி மாதிரி ஆகிவிடுமாம். கொஞ்சம் பெரிய பிள்ளைகளுக்கு உடம்பு விறைக்குமாம், கோபம் வருமாம், தலைவலியும் வருமாம். தலைவலிக்குத் தடை போடுவதென்றால் அல்ஜீப்ரா புத்தகத்துக்கல்லவா முதலில் போடவேண்டும்! ரிவர் ரெய்ட் அந்தப் பட்டியலிலிருந்து வெளியே வந்தது 2002-ல். பதினெட்டு வருஷம். அதை ஆடக்கூடாது என்று தடுக்கப்பட்ட பையன் வளர்ந்து, கல்யாணம் கட்டி, அவன் பையன் ஸ்கூலுக்கே போக ஆரம்பித்திருப்பான்.

பட்டியலில் ஏறினால் தடை என்று அர்த்தமில்லை. இதுதான் முக்கியமான இடம், கவனியுங்கள். பெரியவர்கள் தாராளமாக வாங்கலாம். ஆனால், கடையில் சிறுவர் கண்ணில் படும்படி வைக்கக்கூடாது. தபாலில் அனுப்பி விற்கக்கூடாது. பத்திரிகையில் விளம்பரம் செய்யக்கூடாது. இதற்கெல்லாம் மேலாக ஒரு ஷரத்து உண்டு: 'இந்த விளையாட்டு அரசாங்கத்தின் பட்டியலில் இருக்கிறது' என்றுகூட விளம்பரத்தில் சொல்லக்கூடாது!

சட்டம் எழுதியவர் விவரமான ஆள்தான். 'அரசாங்கம் பயப்படும் விளையாட்டு' என்று ஒரு வரி போட்டால் எந்த விடலைப் பையன் வாங்காமல் இருப்பான்? அந்த ஆசையை முன்கூட்டியே யோசித்து அடைத்துவிட்டார்கள். ஆனால், இன்னொரு பக்கம் பட்டியலை மத்திய அரசின் கெஜட்டிலேயே வெளியிட்டுக்கொண்டிருந்தார்கள். அதற்குப் பெயர் என்ன? என் அகராதியில் அதற்குப் பெயர் விளம்பரம். அதுவும் அரசாங்கச் செலவில்.

இப்போது ஒரு வியாபாரியாக யோசியுங்கள். லட்சக்கணக்கில் செலவு செய்து விளையாட்டை இறக்குமதி செய்கிறீர்கள். விளம்பரத்துக்குப் பக்கம் பக்கமாகப் பணம் கட்டுகிறீர்கள். திடீரென்று ஒரு நாள் பட்டியலில் ஏறிவிட்டால் சரக்கு பெஞ்சுக்கு அடியில் போய்விடும், விளம்பரம் குப்பைக்குப் போய்விடும். என்ன செய்வீர்கள்? நாட்டாமை தீர்ப்பு சொல்வதற்கு முன்பே காலில் விழுந்துவிடுவீர்கள். அப்படி விழுந்தவர்கள்தான் அந்த ரோபோக்கள். அரசாங்கம் யாரையும் ரோபோவாக்கச் சொல்லவில்லை. பயம் ஆக்கியது.

*

இத்தோடு முடியவில்லை. பி.காம். படித்தவன் என்பதால் எனக்கு அடுத்த விஷயத்தில் தனி சுவாரஸ்யம்.

1990 வாக்கில் அமெரிக்காவில் செகா கம்பெனி ஒரு விளம்பரப் போர் நடத்தியது. நிண்டெண்டோவால் முடியாததை எங்கள் பெட்டி செய்யும் என்று, போட்டியாளரின் பெயரையே வைத்து வார்த்தை விளையாட்டு ஆடிய விளம்பரம். விளம்பர உலகில் இன்றைக்கும் அதைப் பற்றிப் பேசுகிறார்கள். இதே விளம்பரத்தை ஜெர்மனியில் அப்படியே போட்டிருந்தால்? மறுநாள் வக்கீல் நோட்டீஸ் வந்திருக்கும். போட்டியாளர் பெயரைச் சொல்லி ஒப்பிடுவது பொதுவாக முறைகேடான வியாபாரம் என்பது அங்கே நீதிமன்றங்கள் வகுத்த வழி. ஐரோப்பிய யூனியன் 1997-ல் உத்தரவு போட்டபிறகு, 1998-ல் அந்த நாட்டின் உச்ச நீதிமன்றம் இறங்கி வந்தது. 2000-ல்தான் சட்டத்தில் எழுதினார்கள்.

சரி, ஒப்பிடவேண்டாம். ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம்? அதுவும் கூடாது. 1932-ல் போட்ட உத்தரவு. தள்ளுபடி? ரொக்கமாகக் கொடுத்தால் 3 சதவிகிதம் வரை, அதற்கு மேல் மூச்! 1933-ல் போட்ட சட்டம். இரண்டையும் 2001-ல்தான் தூக்கினார்கள். ஆடித் தள்ளுபடியில் வளர்ந்த நமக்கு இதெல்லாம் வேறு கிரகத்துச் செய்தி மாதிரி இருக்கும்.

ஆக, விளம்பரம் எழுதுகிறவன் நிலைமையைப் பாருங்கள். ரத்தம் காட்டாதே, போட்டியாளனைச் சொல்லாதே, இலவசம் கொடுக்காதே, விலையைக் குறைக்காதே. கையைக் கட்டி, வாயைப் பொத்தி, 'ம்... இப்ப வித்துக் காட்டு' என்றால் அவன் என்னதான் செய்வான்? கிறுக்குத்தனமாகத்தான் எதையாவது செய்வான். அதைப் பார்த்துத்தான் நாம் இன்றைக்குச் சிரிக்கிறோம்.

*

இப்போது கொல்லைப்புறம்.

விளையாட்டை விளம்பரம் செய்வதில் இத்தனை சிக்கல் இருக்கிறதா? அப்படியானால் விளம்பரத்தையே விளையாட்டாக்கிவிட்டால்? யாருக்கோ இந்த யோசனை தோன்றியது. 1990-களில் ஜெர்மனியில் இது ஒரு தனித் தொழிலாகவே வளர்ந்தது.

1994-ல் கெலாக்ஸ் கம்பெனிக்காக ஒரு விளையாட்டு வந்தது. காலைப் பலகாரப் பெட்டியின் மேல் சிரிக்கும் புலிதான் கதாநாயகன். சாமான்யப்பட்டவர்கள் செய்ததில்லை அது. 'டர்ரிகன்' போன்ற அருமையான விளையாட்டுகளைத் தந்த ஃபேக்டர் ஃபைவ் குழுவினர் செய்தது. அதே வருடம் 'பிஃபி' என்ற மசாலா இறைச்சித் தின்பண்டத்துக்கு ஒரு விளையாட்டு. டெலிபோன் கம்பெனிக்கு ஒரு விளையாட்டு. இவையெல்லாம் சிறுவர்களைக் குறிவைத்த விளம்பரங்கள் இல்லையென்றால் வேறு எவை? பத்திரிகையில் வரும் விளம்பரத்தைப் பையன் இரண்டு விநாடி பார்ப்பான், பக்கத்தைப் புரட்டிவிடுவான். இதை இரண்டு மணி நேரம் கண்கொட்டாமல் பார்ப்பான். முடிந்தபிறகு மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பான். நண்பனுக்கும் காப்பி போட்டுக் கொடுப்பான். இப்படி ஒரு சேல்ஸ்மேன் எந்தக் கம்பெனிக்குக் கிடைப்பான்?

அரசாங்கமும் சும்மா இருக்கவில்லை. ஒற்றுப் பிழையில்லாமல் எழுதுகிறேன், நம்புங்கள்: ஒரு அலுவலகம் விளையாட்டுகளைப் பட்டியல் போட்டு ஒளித்துவைத்துக்கொண்டிருந்த அதே காலத்தில், அதே நாட்டின் உள்துறை அமைச்சகம் காசு கொடுத்து ஒரு விளையாட்டைச் செய்யச் சொன்னது. 1994-ல் வந்த 'டுங்கிளே ஷாட்டன்', அதாவது 'இருண்ட நிழல்கள்'. வெளிநாட்டவர் மீதான வெறுப்புக்கு எதிராக இளைஞர்களிடம் பேசுவதற்காக. 1992-லும் 93-லும் அகதிகள் வீடுகளும் துருக்கியர் வீடுகளும் தீவைக்கப்பட்ட நேரம் அது. நோக்கத்தில் குறை சொல்ல எதுவும் இல்லை, நல்ல காரியம். ஆனால், அமைச்சகத்துக்கு ஒரு உண்மை தெரிந்திருந்தது என்று ஆகிறதல்லவா? விளையாட்டு வழியாக ஒரு பையன் மண்டைக்குள் எதை வேண்டுமானாலும் ஏற்றலாம் என்ற உண்மை. அது தெரிந்தவர்கள், இறைச்சிக்காரரும் பலகாரக்காரரும் எதை ஏற்றுகிறார்கள் என்று ஏன் கேட்கவில்லை?

தின்பண்டம், அமைச்சகம் இரண்டுக்கும் விளையாட்டு செய்துகொடுத்தது ஒரே நிறுவனம். போஹும் என்ற ஊரில் இருந்த ஒரு விளம்பர ஏஜென்ஸி. (ஊர் பேரே அதுதான். போகுமா, வருமா என்று கேட்காதீர்கள்.) அந்த ஏஜென்ஸிதான் பின்னால் 'ஃபீனோமீடியா' என்று உருமாறியது. அதன் கையிலிருந்து வந்ததுதான் 'மூர்ஹூன்'.

மூர்ஹூன் என்பது ஸ்காட்லாந்துப் புல்வெளிகளில் திரியும் காட்டுக்கோழி மாதிரி ஒரு பறவை. விளையாட்டு ரொம்ப சிம்பிள். தொண்ணூறு விநாடி. திரையில் கோழிகள் பறக்கும். துப்பாக்கியால் சுட்டுத் தள்ளவேண்டும். சுடச்சுட பாயின்ட். அவ்வளவுதான். எதற்காகச் செய்தார்கள்? ஜானி வாக்கர் விஸ்கிக்கு விளம்பரமாக. வேட்டைக்காரர் வேஷம் போட்ட ஆட்கள் லேப்டாப்பை எடுத்துக்கொண்டு மதுக்கடை மதுக்கடையாகப் போய் வாடிக்கையாளர்களை ஆடவிட்டார்கள். அதோடு முடிந்திருக்கவேண்டிய விஷயம். ஆனால், யாரோ காப்பி எடுத்தார்கள். இன்டர்நெட்டில் பரவியது. 2000-ம் வருடத்தில் ஜெர்மனி முழுக்க ஆபீஸ் ஆபீஸாகக் கோழி சுட்டார்கள். வேலை கெடுகிறது என்று முதலாளிகள் புலம்ப, பத்திரிகைகள் அதைப் பற்றி எழுத, இன்னும் நிறைய பேர் ஆடினார்கள். சிறுவர்களும்தான்.

கவனியுங்கள். பெயர் தெரியாத நதியில், உருவமே தெரியாத கப்பலைச் சுட்டால் ராணுவப் பயிற்சி. கண்ணும் மூக்கும் வைத்த கோழியைத் துப்பாக்கியால் சுட்டு, இறகு பறக்க அது விழுவதைப் பார்த்துச் சிரித்தால் தேசிய விளையாட்டு! அதுவும் சாராய விளம்பரம். அது எந்தப் பட்டியலிலும் ஏறவில்லை. ஏற்றியிருக்கவேண்டும் என்று நான் சொல்லவில்லை. பட்டியல் போட்டவர்கள் எதைப் பார்த்தார்கள், எதைப் பார்க்கவில்லை என்று மட்டும் கேட்கிறேன்.

கதையின் க்ளைமாக்ஸ் நம் சப்ஜெக்ட். விளம்பரச் செலவு என்பது கணக்கில் டெபிட் பக்கம் போகிற ஐட்டம். கோழி அதை கிரெடிட் பக்கத்துக்குக் கொண்டுவந்தது. 1999-ல் ஃபீனோமீடியா பங்குச் சந்தையில் நுழைந்தது. அன்றைய ஜெர்மனியில் புதிய கம்பெனிகளுக்கென்றே 'நோயர் மார்க்ட்' என்று ஒரு தனிச் சந்தை இருந்தது. கோழியை நம்பி ஜனங்கள் ஷேர் வாங்கினார்கள். 2002 ஏப்ரலில் குட்டு உடைந்தது. வராத பணத்தை வரவேண்டிய பாக்கி என்று எழுதி, கணக்கைப் பூசி மெழுகியிருந்தார்கள். கம்பெனி திவாலானது. 2009-ல் போஹும் நீதிமன்றம் முன்னாள் நிர்வாகிகளுக்குச் சிறைத்தண்டனை விதித்தது. நோயர் மார்க்ட் 2003-லேயே இழுத்து மூடப்பட்டது. ஒரு விளம்பரம் விளையாட்டாகி, விளையாட்டு கம்பெனியாகி, கம்பெனி மோசடியாகி... இதில் ரத்தம் எங்கேயும் இல்லை. ஆனால், நிறைய பேர் காயப்பட்டார்கள்.

*

'நிறுத்துங்கள், அந்த நாட்டின் சரித்திரம் தெரியாமல் பேசுகிறீர்கள்' என்று சிலர் சண்டைக்கு வருவார்கள். தெரியும் ஐயா. ஒரு தலைமுறைப் பிள்ளைகளுக்கு யூனிஃபார்ம் மாட்டி, துப்பாக்கி கொடுத்து, சாக அனுப்பிய நாடு அது. போர் முடிந்து எட்டே வருடத்தில் போட்ட சட்டம். சிறுவன் கையில் பொம்மைத் துப்பாக்கியைப் பார்த்தாலும் அவர்களுக்கு வயிற்றைக் கலக்கத்தான் செய்யும். அந்த பயத்தை நான் மதிக்கிறேன்.

2002 ஏப்ரல் 26-ம் தேதி எர்ஃபுர்ட் நகரத்துப் பள்ளியில் ஒரு முன்னாள் மாணவன் 16 பேரைச் சுட்டுக் கொன்றான். நாடே 'கவுன்ட்டர் ஸ்ட்ரைக்' விளையாட்டைக் கைகாட்டியது. அந்த நேரத்தில் அதே பட்டியல் அலுவலகம் என்ன செய்தது தெரியுமா? அத்தனை நெருக்கடிக்கு நடுவிலும் விசாரித்து, அடுத்த மாதம், பட்டியலில் சேர்க்க முடியாது என்று சொல்லிவிட்டது. அதற்கு முதுகெலும்பு வேண்டும். சபாஷ் என்று சொல்லிவிட்டுத்தான் மேலே போகிறேன்.

கோழிக் கம்பெனியின் கள்ளக் கணக்கு வெளியே வந்ததும் அதே ஏப்ரல் மாதம்தான். இரண்டையும் ஒரே தராசில் வைக்கமாட்டேன். பதினாறு உயிர்களுக்கு எதிரே எந்தக் கணக்கும் நிற்காது. ஆனால், விளையாட்டில் வரும் பொய்த் துப்பாக்கியைப் பற்றி ஒரு தேசம் ஐம்பது வருடமாக யோசித்திருந்தது. விளையாட்டுக்குப் பின்னால் இருக்கும் கல்லாப்பெட்டியைப் பற்றி ஐந்து நிமிடம்கூட யோசிக்கவில்லை.

பிறகு யோசித்தார்கள், அதையும் சொல்லவேண்டும். 2003-ல் வந்த புதிய சட்டம், எந்த வயதுக்கு எந்த விளையாட்டு என்கிற முத்திரையைப் பெட்டியின் மேலேயே கட்டாயமாக்கியது. ஒளித்துவைப்பதைவிட எழுதிவைப்பது மேல் என்று புரிந்தது. 'டூம்' விளையாட்டு 2011-ல் பட்டியலிலிருந்து வெளியே வந்தது. 2021-ல் சட்டத்தை மறுபடி திருத்தினார்கள். 2023-லிருந்து, விளையாட்டுக்குள்ளே காசு பிடுங்கும் வேலை நடக்கிறதா, லாட்டரிச் சீட்டு மாதிரி அதிர்ஷ்டப் பெட்டி விற்கிறார்களா என்பதையும் பார்த்து வயது முத்திரை குத்துகிறார்கள். அந்த வருடம் வந்த 'ஈ.ஏ. ஸ்போர்ட்ஸ் எஃப்.சி. 24' என்ற கால்பந்து விளையாட்டுக்கு 12 வயது முத்திரை விழுந்தது. கால்பந்தில் யார் யாரைச் சுடுகிறார்கள்? யாரும் இல்லை. பந்தைத்தான் உதைக்கிறார்கள். முத்திரை விழுந்தது கல்லாப்பெட்டிக்காக!

1984-லிருந்து 2023. முப்பத்தொன்பது வருடம். ரத்தத்தைத் தேடிக்கொண்டிருந்தவர்களுக்குப் பணத்தைப் பார்க்க அவ்வளவு நாள் பிடித்திருக்கிறது. அதற்குள் புலியிடம் பலகாரம் தின்னக் கற்றுக்கொண்ட பிள்ளைகள் எல்லாம் நடுத்தர வயதுக்கு வந்துவிட்டார்கள். இன்றைக்கு அவர்கள் வீட்டுப் பிள்ளைகள் போனில் ஆடுகிற விளையாட்டில் எது ஆட்டம், எது விளம்பரம் என்று பெரியவர்களுக்கே தெரிவதில்லை.

விளம்பரத்தைப் பற்றி எனக்குப் பெரிய வன்மம் கிடையாது. இந்தப் பத்திரிகையே பாதி விளம்பரத்தில்தான் ஓடுகிறது, என் சம்பளமும் அதில்தான் வருகிறது. ஆனால், விளம்பரம் விளம்பரமாக வரவேண்டும். 'நான் விற்க வந்திருக்கிறேன்' என்று நெற்றியில் ஒட்டிக்கொண்டு வரவேண்டும். அப்படி வந்தவனை, வாயைப் பொத்தி, கையைக் கட்டி, கோமாளியாக்கி நிற்கவைத்தது அந்தச் சட்டம். விளையாட்டுத் தோழன் மாதிரி வேஷம் போட்டு வந்தவனை, 'வா தம்பி' என்று பிள்ளையின் அறைக்கே அனுப்பிவைத்தது.

அந்தப் பழைய ரோபோ விளம்பரங்களைப் பார்த்தால் தாராளமாகச் சிரியுங்கள். சிரித்து முடித்ததும், உங்கள் வீட்டுப் பையன் பக்கத்தில் போய் உட்கார்ந்து, 'என்னடா ஆடறே, கொஞ்சம் காட்டு' என்று கேளுங்கள். திரையில் யாரைச் சுடுகிறான் என்று பார்ப்பதற்கு முன்னால், எதை வாங்கச் சொல்கிறார்கள் என்று பாருங்கள்.